நடுங்கும் கைக்கு ஒரு நெயில் கன்

என் கணவரின் இடது கட்டைவிரல் நகம் மறுபடியும் கறுத்துப்போனபோது, சுத்தியலை எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அவர் அதைத் தேடவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கார் சாவியை நான் எடுத்து வைத்தபோது வீட்டை இரண்டாக்கியவர் அவர். பைக்கை விற்றபோது என்னோடு பேச்சை நிறுத்தினார். சுத்தியல் காணாமல் போனபோது மட்டும் போர்ட்டிகோவில் போய்க் கொஞ்ச நேரம் நின்றார், உள்ளே வந்தார், டிவியைப் போட்டார், ஏதோ ஒரு சமையல் நிகழ்ச்சியைப் பார்க்க ஆரம்பித்தார். அவருக்கும் சமையலுக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது.

அவருக்கு வந்திருப்பது பார்க்கின்சன் நோய். டாக்டர் அந்தப் பெயரைச் சொல்லிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு தனியார் கம்பெனியின் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்தவர், கையெழுத்து கோணலாகத் தொடங்கியதும் தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். நான் சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். எங்களுக்கு ஒரே மகள், அவள் வேலைக்காகப் பெங்களூரில் இருக்கிறாள். ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில் நாங்கள் இருவர்தான்.

காரை விற்ற பிறகு போர்ட்டிகோ காலியாகக் கிடந்தது. அங்கே ஒரு பழைய கதவைப் போட்டு, கீழே கால் கொடுத்து மேஜையாக்கினார். பள்ளிக்கரணையில் பேக்கிங் பெட்டி பிரித்த பைன் பலகைகள் விற்கும் கடை ஒன்று உண்டு. அங்கிருந்து ஆட்டோவில் பலகைகள் வந்து இறங்கும். பெரிய தச்சர் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அவர் செய்த முதல் ஸ்டூலில் உட்கார்ந்தால் தெருவே ஆடும். ஆனால் செய்யச் செய்ய ஆட்டம் நின்றது. குத்துவிளக்கு வைக்க ஒரு பீடம், கேஸ் சிலிண்டருக்கு ஒரு தள்ளுவண்டி, என் பரீட்சைத் தாள்களுக்கு ஓர் அலமாரி என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது. தலையில் மரத்தூளோடு சாப்பாட்டு மேஜைக்கு வந்து என்னிடம் திட்டு வாங்குவார். அந்தத் திட்டு எனக்கும் பிடித்திருந்தது, அவருக்கும் பிடித்திருந்தது.

அதனால்தான் அந்தச் சமையல் நிகழ்ச்சியைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ஆபீஸ் போனது, கார் போனது, பைக் போனது. மிச்சம் இருந்தது அந்த மேஜை ஒன்றுதான். அதுவும் போனால் இவர் சோபாவோடு சோபாவாகிவிடுவார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆளை விட்டுவிட நான் தயாராக இல்லை. ஸ்க்ரூ போடலாமா என்று பார்த்தோம். மெல்லிய பைன் பலகை வாய் பிளந்தது. முதலில் ஓட்டை போட்டு அப்புறம் திருக வேண்டும், அதற்குள் அவருக்குக் கை சோர்ந்துவிடும். ஆணிதான் சரி. ஆனால் ஆணியை இடது கை விரல்களால் நிமிர்த்திப் பிடிக்க வேண்டுமே. அந்த இடது கைதான் அவருக்கு அதிகம் ஆடும்.

டாக்டரிடம் அடுத்த முறை போனபோது நானே கேட்டேன். இந்த நோயில் கை சும்மா இருக்கும்போதுதான் நடுக்கம் கூடும், ஒரு வேலையில் இறங்கிவிட்டால் குறையும், கையில் கொஞ்சம் கனம் இருந்தால் இன்னும் நல்லது என்றார். அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து செல்போனில் உட்கார்ந்தவள்தான், ஒரு மாதம் எழுந்திருக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆணி அடிக்கும் மிஷின், ஊரில் எல்லாரும் சொல்கிற பெயரில் நெயில் கன், எத்தனை வகை உண்டோ அத்தனையும் பார்த்தேன். தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் தங்கள் கொட்டகையில் நின்று பேசும் வீடியோக்களைத் தமிழ்ப் பாட்டு கேட்பதுபோல் தினமும் கேட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோதுகூட ஒருவர் எனக்கு ஸ்பிரிங் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

மகள் போனில் கத்தவில்லை. அவள் கத்தினால் பரவாயில்லை, நிதானமாகப் பேசினால்தான் எனக்கு எரிச்சல் வரும்.

"மா, அப்பா கையில கன்னா? கொஞ்சம் யோசிச்சுப் பாரு."

"யோசிச்சுதான் வாங்கறேன்."

"அவருக்கு வேற ஏதாவது ஹாபி குடு. பெயின்டிங், கீபோர்டு மாதிரி."

"பெயின்டிங்குக்குப் பிரஷ்ஷ அவர் காலாலயா பிடிப்பார்?"

அவள் போனை வைத்துவிட்டாள். அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவள் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பார்க்கும் அப்பா வேறு, திங்கள்கிழமை மதியம் சோபாவில் கிடக்கும் அப்பா வேறு.

மேடவாக்கத்தில் மின்கருவிகள் விற்கும் கடை ஒன்றுக்கு அவரையும் அழைத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் நல்ல தொப்பையும் நெற்றி நிறைய விபூதியுமாக இருந்தார்.

"இன்னா மேடம், இன்டீரியர் வேலையா?"

"இல்ல, வீட்டுக்கு. சின்னச் சின்ன மர வேலை. நெயில் கன் வேணும்."

"ஆரு மேடம் யூஸ் பண்றது?"

"இவர்தான்."

கடைக்காரர் அவரைப் பார்த்தார். அவருடைய இடது கை கவுன்ட்டர் கண்ணாடியின்மேல் இருந்தது, மோதிரம் கண்ணாடியில் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தது. கடைக்காரர் என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினாலும் கடை முழுக்கக் கேட்டது.

"தப்பா நினைக்காதீங்க மேடம். சாருக்குக் கை இப்டி கீது. இது டேஞ்சர் அயிட்டம்."

என் கணவர் கையை எடுத்து பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, எதிரே அடுக்கியிருந்த பெயின்ட் டின்களைப் படிக்க ஆரம்பித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"கை எப்படி இருக்குன்னு எங்களுக்குத் தெரியும் சார். மிஷின் எப்படி இருக்குன்னு காட்டுங்க."

மனிதர் காட்டினார். ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வைக்க, நான் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். காற்றில் ஓடும் கன் சின்னதாக, லேசாக இருந்தது. ஊர் ஆசாரிகள் எல்லாம் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்குக் கம்ப்ரசர் வேண்டும். கம்ப்ரசரிலிருந்து கன்வரைக்கும் தரையில் குழாய் கிடக்கும். இவர் காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பவர், பாய் விளிம்பிலேயே தடுக்குவார். வேண்டாம் என்றேன். கேஸ் டப்பா போட்டு ஓட்டும் கன் ஒன்று இருந்தது. டப்பா தீர்ந்தால் இங்கே கிடைப்பது கஷ்டம் என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது பேட்டரியில் ஓடும் கன். கம்பி கிடையாது, குழாய் கிடையாது. மெல்லிய ஆணி அடிக்கிற ரகம், பலகையைப் பிளக்காது. தூக்கிப் பார்த்தேன், கைக்குழந்தையின் கனம் இருந்தது. மற்றவர்கள் குறை என்று சொல்லும் அந்தக் கனம்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

"சேஃப்டி எப்படி?" என்று கேட்டேன்.

"இத்தப் பாருங்க." கன்னின் மூக்கு நுனியில் ஒரு சின்ன உலோக முனை நீட்டிக்கொண்டிருந்தது. "இந்த முனைய கட்டையில வச்சி அழுத்தினாதான் உள்ளாற லாக் வுடும். அழுத்தாம சும்மா டிரிகர புடிச்சா அடிக்காது."

"அடிச்சுக் காட்டுங்க."

அவர் கன்னைக் கூரையைப் பார்த்துத் தூக்கி டிரிகரை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. திரும்ப அழுத்தச் சொன்னேன். அப்புறம் நானே வாங்கி, கை ஓயும்வரை காற்றில் அழுத்திப் பார்த்தேன். கடைக்கு வந்திருந்த ஒரு எலக்ட்ரீஷியன் இந்தப் பொம்பளைக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் பார்த்தார். பார்க்கட்டும். பேஜார் பிடித்தவள் என்று நினைத்தால் நினைக்கட்டும். கன்னின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருந்தது. அதை ஒரு பக்கம் தள்ளினால் ஒவ்வொரு ஆணிக்கும் டிரிகரைத் தனியாக அழுத்த வேண்டும். இன்னொரு பக்கம் தள்ளினால் டிரிகரைப் பிடித்துக்கொண்டு தொட்ட இடமெல்லாம் அடிக்கலாம், வேகமாக வேலை முடியும். அந்த வேகம் எங்களுக்கு வேண்டாம். ஒற்றை ஆணிப் பக்கம் ஸ்விட்சைத் தள்ளி, அங்கேயே பசை ஊற்றி ஒட்டித் தரச் சொன்னேன்.

"வாரண்டி பூடும் மேடம்."

"போனா போகட்டும். அவர் விரல் போகாம இருந்தா போதும்."

கடைசியில் கடைக்காரர் ஒரு கட்டையைத் தரையில் போட்டு, கன்னை என் கணவரிடம் கொடுத்தார். அவர் வாங்கத் தயங்கினார். இரண்டு கையாலும் வாங்கினார், குனிந்தார், முனையைக் கட்டையில் வைத்து அழுத்தினார். நான் அவர் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுத்த அழுத்த நடுக்கம் அடங்கி, கடைசியில் கை அசையாமல் நின்றது. டப் என்று ஒரு சத்தம். ஆணி மரத்துக்குள் முழுசாக இறங்கியிருந்தது, மேலே ஒரு புள்ளிதான் தெரிந்தது. அவர் அந்தப் புள்ளியை விரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னொண்ணு," என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, பில்லில் ஜிஎஸ்டி ஏன் இவ்வளவு என்று கடைக்காரரிடம் சண்டை போட்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். பள்ளி விட்டு கேம்ப் ரோடு நெரிசலில் நொந்து நூலாகி வீடு வந்தால், தெரு முனையிலேயே டப், டப் என்று கேட்கும். போர்ட்டிகோவில் பைன் மர வாசனை. கேட்டைத் திறந்ததும் "காபி போடறியா?" என்பார். சோபாவில் கிடந்தபோது காபி வேண்டும் என்றுகூடச் சொல்லாதவர்.

சின்ன வேலைகளைத் தனியாகச் செய்வார். நீளமான பலகை என்றால் நான் வேண்டும். பலகையைப் பிடிக்கத் திருகும் கிளாம்ப் வீட்டில் இருந்தது, ஆனால் அதைத் திருகி முடிப்பதற்குள் அவர் கை ஓய்ந்துவிடும். அதனால் நானே கிளாம்ப். எனக்கென்று சில விதிகள் வைத்துக்கொண்டேன். ஆணி அடிக்கும் இடத்திலிருந்து என் கை தள்ளித்தான் இருக்கும். முனை மரத்தைத் தொடும்முன் "கை?" என்று அவர் கேட்பார். "தள்ளி" என்று நான் சொன்ன பிறகுதான் அழுத்துவார். வேலை முடிந்ததும் பேட்டரியை நான் கழற்றி எடுத்துக்கொண்டு போய், மறுநாள் காலையில்தான் தருவேன். ஒரு நாளும் தப்பு நடக்கவில்லை. மகளுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். அவள் ஒரு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பினாள்.

எதிர் வீட்டுக்காரர் இவர் செய்த செருப்பு ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு, "சார், எங்களுக்கும் ஒண்ணு பண்ணித் தர முடியுமா?" என்று கேட்டார். மரியாதைக்குக் கேட்டாரோ, உண்மையிலேயே வேண்டியிருந்ததோ தெரியாது. இவர் இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு அன்றைக்கே எதிர் வீட்டுக்குப் போய் அளவெடுத்துவிட்டு வந்தார். நோய் வந்த பிறகு அவரை நம்பி ஒருவர் ஒரு வேலை கொடுத்தது அதுதான் முதல் தடவை. ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. பலகைகளை அறுத்து, தேய்த்து, தயாராக வைத்தார். பூஜை முடிந்து மறுநாள் விஜயதசமி, புது வேலையைத் தொடங்க அதைவிட நல்ல நாள் இல்லை, அன்றைக்கே முதல் ஆணி அடித்துவிடலாம் என்று சொன்னார். எனக்கும் சரி என்று பட்டது. அன்று எனக்குப் பள்ளியும் விடுமுறை.

ஆயுத பூஜை அன்று காலை நான் சமையலறையில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். அவர் போர்ட்டிகோ மேஜையைக் கழுவித் துடைத்து, ஜரிகை போட்ட துண்டு ஒன்றை விரித்து, தன் சாமான்களை வரிசையாக வைத்தார். ரம்பம், இழைப்புளி, உளிகள், நான் மனமிரங்கித் திருப்பிக் கொடுத்த சுத்தியல். நடுவில் நெயில் கன். அதன் பேட்டரியை என்னிடம் வாங்கித் தனியாக வைத்திருந்தார். எல்லாம் முறையாகத்தான் செய்தார். அவருடைய ஆயுதங்களுக்கு அவரே சந்தனம் வைப்பார், என்னைத் தொட விட மாட்டார்.

சந்தனப் பொடியைக் கிண்ணத்தில் பன்னீர் விட்டுக் குழைத்துக்கொண்டு வந்தார். வலது கை விரலால் தொட்டு ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தார். அந்தக் கை வேலையில் இருந்தது, அதனால் அதிகம் ஆடவில்லை. கிண்ணத்தைப் பிடித்திருந்த இடது கைக்கு வேலை இல்லை. நெயில் கன்னுக்குப் பொட்டு வைக்கக் குனிந்தபோது கிண்ணம் ஆடி, சந்தனம் அதன் மூக்கின் மேலேயே கொட்டி வழிந்தது. நான் கரண்டியோடு வாசலில் நின்று அதைப் பார்த்தேன்.

"என்னங்க, அபிஷேகமே பண்ணிட்டீங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். வழிந்த சந்தனத்தைத் துடைக்கப் போனவர் நிறுத்திவிட்டார், சாமிக்கு வைத்ததைத் துடைக்கக் கூடாதே. அதன்மேலேயே குங்குமம் வைத்து, பக்கத்தில் பொரி கடலையும் வாழைப்பழமும் வைத்து, கற்பூரம் காட்டினோம். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்று முழுவதும் தொடக் கூடாது. நாங்களும் தொடவில்லை. ஐப்பசி மழை இன்னும் வராத நேரம், வெயில் போர்ட்டிகோவுக்குள் வந்து மேஜைமேல் விழுந்தது. கடையில் விற்கும் சந்தனப் பொடியில் சந்தனத்தைத் தவிர மற்றதெல்லாம் இருக்கும். காய்ந்தால் சுவரில் பூசிய பட்டி போல இறுகும். இது எனக்கு இப்போது தெரியும்.

விஜயதசமி காலையில் குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். பூஜையைக் கலைத்து, நெயில் கன்னை ஈரத் துணியால் துடைத்தார். பொட்டை மட்டும் அழிக்காமல் விட்டார். பேட்டரியை மாட்டினார். எதிர் வீட்டு ஸ்டாண்டின் முதல் இரண்டு பலகைகளைச் சேர்த்து நான் பிடித்துக்கொண்டேன்.

"கை?"

"தள்ளி."

முனையை வைத்து அழுத்தினார். டப். ஆணி அழகாக இறங்கியது. கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல் அந்தப் புள்ளியைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். அழுத்தும்போது உள்ளே போன அந்த உலோக முனை வெளியே வரவில்லை. சந்தனம் அதை உள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை. கன்னைப் பொறுத்தவரை அது இன்னும் மரத்தின்மேல்தான் அழுந்தியிருந்தது.

அடுத்த ஆணிக்கு இடம் மாற்றக் கன்னைத் தூக்கினார். இரண்டு ஆணிகளுக்கு நடுவே இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர் கைக்கு வேலை இல்லாத நேரம். நடுக்கம் திரும்பி வந்தது. விரல் டிரிகரில் இருந்தது. கன் என் கையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

டப் என்று கேட்டது. இன்னும் "கை?" என்று கேட்கவே இல்லையே என்று நினைத்தேன். முதலில் வலிக்கவில்லை. என் இடது கையின் ஆள்காட்டி விரல் முட்டிக்குக் கீழே ஒரு வெள்ளிப் புள்ளி இருந்தது. கையைத் திருப்பினேன். உள்ளங்கைப் பக்கம் ஆணியின் நுனி எட்டிப் பார்த்தது. அப்புறம்தான் ரத்தம் வந்தது.

அவர் கத்தவில்லை. கன்னை மேஜையில் வைத்தார். துண்டை எடுத்து என் கையில் சுற்றப் பார்த்தார். இரண்டு கைகளும் உதறின உதறலில் துண்டு கீழே விழுந்தது. எடுத்தார், மறுபடியும் விழுந்தது. துண்டு ஆணிமேல் பட்டபோதுதான் எனக்கு உயிர் போகிற வலி தெரிந்தது. "விடுங்க," என்று கத்திவிட்டேன். வலியில் கத்தினேன். அவர் இரண்டு அடி பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றார்.

எதிர் வீட்டுக்காரர் காரில் தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எக்ஸ்ரே எடுத்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஆணியை எடுத்தார்கள். விரலை மடக்கும் நரம்பில் பட்டிருக்கிறது என்றார்கள். அந்த விரல் இன்றுவரை முழுசாக மடங்குவதில்லை. கட்டுப் போட்ட இளம் டாக்டர், "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "நான்தான் டாக்டர்," என்று இரண்டு கைகளையும் அவர்முன் நீட்டினார். டாக்டர் அந்தக் கைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார்.

மகள் அடுத்த நாளே வந்து இறங்கினாள். நெயில் கன்னைப் பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றினாள். "நான் சொன்னேன்" என்று அவள் சொல்லவில்லை, அந்த மட்டும் நல்ல பெண். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஏதேதோ பேசிப் பார்த்தாள். அவர் ம், ம் என்றார். எதிர் வீட்டுக்காரர் வந்து, "ஸ்டாண்டெல்லாம் அவசரமே இல்ல சார்," என்றார். அதற்கும் ம் என்றார். விடுமுறை தீர்ந்து மகள் கிளம்பிப் போனாள்.

எனக்கு மட்டும் ஆறவே இல்லை. மிஷின்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முனை அழுந்தாமல் அடிக்காது என்று கடையில் நானே அழுத்தி அழுத்திப் பார்த்தவள். கணக்கில் விடை தப்பாக வந்தால் எந்த வரியில் தப்பு என்று கண்டுபிடிக்காமல் எனக்குச் சோறு இறங்காது. ஒருநாள் மதியம் அவர் தூங்கும்போது, ஒற்றைக் கையால் பெட்டியைப் பரணிலிருந்து இழுத்து இறக்கினேன். பேட்டரி இல்லாத கன்னை மடியில் வைத்துக்கொண்டு அந்த முனையை விரலால் தொட்டுப் பார்த்தேன். அது உள்ளேயே இருந்தது. நகத்தால் நெம்பினேன். மெதுவாகப் பாதி தூரம் வந்து நின்றது. அது போய்வரும் இடுக்கில் வெளிறிய மஞ்சள் நிறத்தில் ஏதோ இறுகியிருந்தது. பல்குத்தும் குச்சியால் சுரண்டி மோந்து பார்த்தேன். சந்தனம்.

வெந்நீரில் துணியை நனைத்து, இடுக்கு முழுவதையும் சுத்தம் செய்தேன். முனையை அழுத்தி விரலை எடுத்தால் டக்கென்று வெளியே வந்தது. அழுத்தினேன், வந்தது. எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது, கை வலியே மறந்துபோனது. அவர் எழுந்ததும் கன்னையும் குச்சியையும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"ஏங்க, இதைப் பாருங்க. சந்தனம் உள்ள போய் காஞ்சு இறுகியிருக்கு. அதனாலதான் முனை திரும்பி வரல. லாக்கே விழல. உங்க கை மேல தப்பே இல்லைங்க."

அவர் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். குச்சியின் நுனியில் ஒட்டியிருந்த சந்தனத்தை வெகுநேரம் பார்த்தார். முகம் தெளியும் என்று நான் காத்திருந்தேன்.

"சந்தனம் ஏன் அங்க கொட்டிச்சு?" என்று கேட்டார்.

நான் குச்சியைக் கீழே இறக்கினேன்.

"கிண்ணம் ஆடிச்சு. நீ பார்த்தியே. பார்த்துச் சிரிச்ச, நானும் சிரிச்சேன்."

கோபமாகச் சொல்லவில்லை. ஆபீஸில் ஒரு பில்லில் இருக்கும் தவறைச் சுட்டிக்காட்டுகிற குரலில் சொன்னார். நடுவில் ஒரு படியை விட்டுவிட்டு விடை எழுதும் பிள்ளைகளுக்கு நான் பாதி மார்க்தான் போடுவேன். அந்தப் படியை அவர் எனக்கு எடுத்துக் கொடுத்துவிட்டார். கிண்ணத்தை நான் பிடித்துக்கொள்கிறேன், அடுத்த வருடம் சந்தனமே வேண்டாம், பூ மட்டும் வைப்போம் என்று என்னென்னவோ சொன்னேன். எதிர் வீட்டுப் பலகைகள் இன்னும் மேஜையில் அப்படியே இருக்கின்றன, வாருங்கள், நான் பிடிக்கிறேன் என்றேன். கட்டுப் போட்ட கையோடு அதைச் சொன்னேன். அவர் என் கட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அழுகை எனக்குத்தான் வந்தது.

அன்று சாயங்காலம் இட்லி ஊற்றினேன். தட்டைக் கொண்டுபோய் டீப்பாயில் வைத்தபோதுதான் அவர் உட்கார்ந்திருந்த விதத்தைக் கவனித்தேன். இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் கொடுத்து, அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தார். நடுக்கம் தோள் வரைக்கும் வந்து தெரிந்தது, கைகள் மட்டும் கண்ணில் படவில்லை.

"சாப்பிடுங்க, ஆறிடும்."

அவர் அசையவில்லை. எவ்வளவு சிந்தினாலும், சட்டையெல்லாம் சாம்பாரானாலும், தன் கையால்தான் சாப்பிடுவேன் என்று பிடிவாதம் பிடித்தவர். ஒருமுறை மகள் ஊட்ட வந்தபோது தட்டோடு எழுந்து வேறு அறைக்குப் போனவர்.

"கையை எடுங்க."

"வேண்டாம்," என்றார். "நீயே குடுத்துடு."

என் இடது கையால் தட்டைப் பிடிக்க முடியவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வலது கையால் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்து நீட்டினேன். அவர் வாயைத் திறந்தார். மென்று விழுங்கும்வரை காத்திருந்து, அடுத்த விள்ளலைப் பிட்டேன். தட்டு காலியாகி, நான் அவர் வாயைத் துடைத்துவிட்ட பிறகும் அவர் அந்தக் கைகளை வெளியே எடுக்கவில்லை.